காலிக் குப்பி, கூர் ஊசி: கடைசியில் யார் கையில்?

ராயபுரத்தில் ஒரு சந்து. காலை 6 மணி.

அந்த வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. மகள் எழுந்ததும் முதல் வேலையாகக் குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறாள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுக்கிறாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குப்பி. அதில் இருப்பது இன்சுலின். சிரிஞ்சில் அளந்து எடுத்துப் பாட்டியின் வயிற்றில் ஊசி போடுகிறாள். ஒரு நிமிஷ வேலை!

பிறகு அந்த ஊசி எங்கே போகிறது?

அடுப்படி மூலையில் உள்ள குப்பைக் கூடைக்கு! வாழைப்பழத் தோல், டீத்தூள், மீன் செதில் ஆகியவற்றுடன் ஊசியும் கிடக்கிறது.

8 மணிக்குக் குப்பை வண்டி வருகிறது. தூய்மைப் பணியாளர் பையை வாங்குகிறார். ஈரக் குப்பையை ஒரு பக்கமும், உலர்ந்த குப்பையை ஒரு பக்கமும் பிரிப்பதற்காகப் பைக்குள் கையை விடுகிறார்.

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. ராயபுரத்திலும், தண்டையார்பேட்டையிலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் பல வீடுகளில் தினமும் நடப்பது இதுதான். இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடி பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் நடந்த ஆய்வு 2023-ல் தெரிவித்தது. அவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அல்ல. ஆனால் ஊசி போட்டுக்கொள்பவர் ஒருவர் தினம் 2 ஊசி போட்டால், ஆண்டுக்கு 730 ஊசி ஆகிறது. ஒரு தெருவில் இப்படி 10 பேர் இருந்தால், 7,300 ஊசி!

உயிர் காக்க வந்த பொருள், வேலை முடிந்ததும் உயிருக்கு உலை வைக்கலாமா?

மணலில் பிறந்தது

முதலில் குப்பியைப் பார்ப்போம். கண்ணாடி எதில் இருந்து வருகிறது? மணலில் இருந்து!

மணலின் பெருமை எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. சிமெண்டு நல்லதா, கெட்டதா என்று சோதிக்க வேண்டுமானால், அதை ஒரே தரமுள்ள மணலுடன் கலந்து கட்டி ஆக்கி, உடைத்துப் பார்க்க வேண்டும். அந்த மணலுக்குத் "தர மணல்" என்று பெயர். இந்தியத் தர விதிகள் அதற்காகக் குறிப்பிட்டிருக்கும் மணல் எது தெரியுமா? எண்ணூர் மணல்! வடக்கே எங்கோ ஒரு சோதனைச் சாலையில் சிமெண்டைச் சோதித்தாலும், எண்ணூர் மணல்தான் அங்கே போகிறது.

இத்தகைய வெண்மணலில் நிறைந்திருப்பது "சிலிக்கா" என்ற பொருள். கண்ணாடிக்கு உயிரே அதுதான். சாதாரணக் கண்ணாடியில் 100-க்கு 70 பங்குக்கு மேல் சிலிக்கா இருக்கும்.

சிலிக்காவைத் தனியாக உருக்குவது சுலபம் அல்ல. சுமார் 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். அதனுடன் சோடா உப்பைச் சேர்த்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். ஆனால் சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். கரையாமல் இருக்கச் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள். மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்து உருகி, வெல்லப் பாகு போல ஆகின்றன. அந்தப் பாகை ஊதினால் பாட்டில், பரப்பினால் ஜன்னல் கண்ணாடி, இழுத்தால் குழாய்.

மணலில் கொஞ்சம் இரும்பு கலந்திருந்தாலும் கண்ணாடி பச்சை நிறமாகிவிடும். கண்ணாடித் துண்டின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பசுமை தெரிகிறதே, அது இரும்பின் வேலைதான்!

எண்ணூர் மணல்தான் பாட்டியின் இன்சுலின் குப்பியாகிறது என்று எண்ணிவிடக் கூடாது. மருந்துக் குப்பிக்கான கண்ணாடிக் குழாய் குஜராத் மாநிலத்தில் உள்ள ஜம்புசர் போன்ற இடங்களில் தயாராகிறது. அந்தக் குழாயைத் துண்டு போட்டு, தீயில் காட்டி, கழுத்தும் அடியும் அமைத்துக் குப்பி ஆக்குகிறார்கள். ஊர் வேறு. ஆனால் மூலப்பொருள் ஒன்றே!

வெங்காரம் செய்த மாயம்

கொதிக்கும் டீயை ஊற்றியதும் கண்ணாடிக் கிளாஸ் "படீர்" என்று விரிசல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் என்ன? டீ பட்ட உள்பக்கம் சட்டென்று சூடாகி விரிகிறது. வெளிப்பக்கம் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதால் விரியவில்லை. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் கண்ணாடி உடைந்துவிடுகிறது.

மருந்துக் குப்பி அப்படி உடையலாமா? கிருமிகளைக் கொல்ல அதைக் கடும் சூட்டில் வைக்க வேண்டுமே!

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ ஷாட் என்ற விஞ்ஞானி. ஜெனா என்ற ஊரில் 1880-களில் அவர் பல பொருள்களைக் கண்ணாடியில் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார். "போரான்" என்ற பொருள் கைகொடுத்தது. தட்டார்கள் நகையைப் பற்றவைக்கும்போது வெங்காரம் போடுகிறார்கள் அல்லவா? அந்த வெங்காரத்தில் இருப்பதும் இதே போரான்தான்!

போரான் சேர்ந்த கண்ணாடி, சூட்டில் அதிகம் விரியாது. சாதாரணக் கண்ணாடி 3 பங்கு விரிந்தால் இது ஏறக்குறைய 1 பங்குதான் விரியும். ஆகவே சட்டென்று உடையாது.

இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணக் கண்ணாடியில் மருந்தை மாதக் கணக்கில் வைத்தால், கண்ணாடியில் உள்ள சோடா கொஞ்சம் கொஞ்சமாக மருந்தில் இறங்கும். மருந்தின் குணம் மாறலாம். போரான் கண்ணாடியில் இது மிகக் குறைவு. ஊசி மருந்து நேரே உடம்புக்குள் போவது. அதில் அந்நியப் பொருள் கலக்கக் கூடாது.

சில குப்பிகள் பழுப்பு நிறமாக இருக்கின்றன. அது அழகுக்காக அல்ல. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்துகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும், நீல ஒளியையும் பழுப்புக் கண்ணாடி தடுத்து நிறுத்துகிறது. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. மருந்து அப்படிப்பட்டது. சென்னை கிண்டியில் 1948-ல் தொடங்கிய பி.சி.ஜி. மருந்துச் சாலையின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதலில் போடும் ஊசிகளில் அதுவும் ஒன்று.

கழுத்து ஒடிவது எப்படி?

மூடியே இல்லாத குப்பியும் இருக்கிறது. அதுதான் "ஆம்பூல்". 1886-ல் பாரிஸ் நகர மருந்துக்காரர் லிமூசின் என்பவர் இதைச் செய்தார். மருந்தை ஊற்றி, கண்ணாடிக் கழுத்தைத் தீயில் உருக்கி அப்படியே ஒட்டிவிட வேண்டும். காற்றும் போகாது, கிருமியும் போகாது!

நர்சு அதைக் கையில் எடுக்கிறார். "டிக்" என்று ஒரு சத்தம். கழுத்து அழகாக ஒடிந்துவிடுகிறது. எப்படி?

கண்ணாடி பலமானது. ஆனால் கீறலுக்குப் பயந்தது. ஒரு சிறு கீறல் இருந்தால் போதும். வளைக்கும் விசை முழுவதும் அந்த ஒரே இடத்தில் போய்ச் சேரும். அங்கிருந்து பிளவு ஓடும். ஜன்னல் கண்ணாடி வெட்டுபவரும் இதைத்தான் செய்கிறார். அவர் கண்ணாடியை அறுப்பது இல்லை; கீறித்தான் ஒடிக்கிறார். ஆம்பூலின் கழுத்திலும் முன்கூட்டியே ஒரு கீறல் போட்டு, அந்த இடம் தெரிய வண்ணப் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஒடிந்த விளிம்போ கத்தி போன்றது. கழுத்தைப் பஞ்சு சுற்றிப் பிடித்து ஒடிக்க வேண்டும் என்று நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

காற்றுக்கும் ஒரு கணக்கு

இன்சுலின் குப்பிக்கு ரப்பர் மூடி. ஊசி குத்தினால் வழி விடும். எடுத்தால் தானே மூடிக்கொள்ளும்.

மருந்து எடுக்கும் முன்பு சிரிஞ்சில் காற்றை இழுத்து, அதைக் குப்பிக்குள் செலுத்தும்படி டாக்டர் சொல்வார். ஏன்? மூடிய குப்பியில் இருந்து மருந்தை எடுக்க எடுக்க உள்ளே காற்றழுத்தம் குறையும். மருந்து வர மறுக்கும். எவ்வளவு மருந்து எடுக்க வேண்டுமோ அவ்வளவு காற்றை உள்ளே அனுப்பினால் கணக்கு நேராகிவிடும்.

இங்கே குடும்பங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது.

இந்தியாவில் இன்சுலின் இரண்டு பலங்களில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100-க்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? டாக்டர் 20 யூனிட் போடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட்! சர்க்கரை படுவேகமாக இறங்கி மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம். 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் இழுத்தாலோ, 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். வியாதி அடங்காது.

ஆகவே குப்பியின் மேல் உள்ள எண்ணையும், சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் இந்த இரண்டு எண்களைப் படித்துவிட முடியும். படிக்க வேண்டும்!

ஊசியின் கதை

ஊசி என்பது துளையுள்ள மெல்லிய எஃகுக் குழாய். 1853-ல் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் வுட் என்ற டாக்டரும், பிரான்சில் பிரவாஸ் என்ற டாக்டரும் சிரிஞ்சும் துளை ஊசியும் கொண்டு மருந்து செலுத்தினார்கள். அன்று முதல் ஊசி மெலிந்துகொண்டே வருகிறது.

ஊசிக்கு எண் உண்டு. எண் பெரிதானால் ஊசி பெரிது என்று நினைப்பது தவறு. எண் ஏற ஏற ஊசி மெலியும்! 26-ஆம் எண் ஊசியின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்சுலின் பேனாவில் பொருத்தும் 32-ஆம் எண் ஊசியின் கனம் அதில் பாதிதான்.

அதன் முனையைச் சாய்வாகச் சீவிக் கூராக்கியிருக்கிறார்கள். ஒரு தடவை தோலில் புகுந்து வந்ததுமே கூர் மழுங்கத் தொடங்கும். மறுபடி மறுபடி போட்டால், முனை வளைந்துவிடும். காசிமேட்டு மீனவர்களின் தூண்டில் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் அப்படி ஒரு கொக்கி! அதனால்தான் பழைய ஊசி அதிகம் வலிக்கிறது.

கொதிக்க வைத்த காலம்

அக்காலத்தில் சிரிஞ்சும் கண்ணாடிதான். கண்ணாடிக் குழலுக்குள் கண்ணாடித் தண்டு. இரண்டும் இழைத்துப் பொருத்தியவை. கம்பவுண்டர் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, சிரிஞ்சையும் ஊசியையும் போட்டுக் கொதிக்க வைப்பார். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வதும் உண்டு. அன்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் அந்த வலியை இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்!

கொதிநீரின் வெப்பம் 100 டிகிரி. அதில் பல கிருமிகள் சாகும். ஆனால் ரண ஜன்னிக் கிருமி போன்றவை, கவசம் பூண்ட விதை போல மாறித் தப்பிவிடும். அவற்றையும் கொல்ல வேண்டுமானால், நீராவியை அழுத்தத்தில் அடைத்து 121 டிகிரியில் கால் மணி நேரமாவது வைக்க வேண்டும். பெரிய பிரஷர் குக்கர் என்று சொல்லலாம். சின்ன வைத்தியசாலைகளில் அதற்கு வசதி ஏது? பொறுமைதான் ஏது?

ஆகவே ஒருவருக்குப் போட்ட ஊசி, சரியாகச் சுத்தமாகாமல் அடுத்தவருக்கும் போயிற்று. ஒருவர் ரத்தத்தில் இருந்த நோய் இன்னொருவருக்குப் போயிற்று.

ஒரே ஊசி, பல கைகள்

1986-ல் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும். சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். உடலுறவினால் மட்டும் அல்ல, ஊசியின் வழியாகவும் அந்தக் கிருமி பரவும் என்று தெரிந்தபோது நாடே ஊசியைச் சந்தேகத்துடன் பார்த்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு இன்னும் பயங்கரமானது. அசுத்தமான ஊசிகளால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை "பி" கிருமி தொற்றியது என்று அது மதிப்பிட்டது. 20 லட்சம் பேருக்கு "சி" கிருமி. 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எய்ட்ஸ் கிருமி.

2009-ல் குஜராத் மாநிலம் மொடாசா பகுதியில் மஞ்சள் காமாலை "பி" பரவிப் பலர் மாண்டார்கள். போட்ட சிரிஞ்சையே மறுபடி போட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பழைய சிரிஞ்சுகள் குப்பையில் இருந்து திரும்பவும் கடைக்குப் போகின்றன என்ற செய்தியும் அப்போது நாட்டை உலுக்கியது.

காலி ஊசிக்கும், காலிக் குப்பிக்கும் ஒரு பாடம் இது. தூக்கி எறிந்தால் மட்டும் போதாது. இன்னொருவர் எடுக்க முடியாதபடி எறிய வேண்டும்!

தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு

இந்த ஆபத்துக்கு விஞ்ஞானம் ஒரு விடை தந்தது. ஒரு முறை போட்டதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு! தண்டை அழுத்தியதும் உள்ளே ஒரு கொக்கி மாட்டிக்கொள்ளும். மறுபடி இழுக்க வராது. பலவந்தமாக இழுத்தால் உடையும். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளுக்கு அரசு இதைத்தான் பயன்படுத்துகிறது.

கொரோனா தடுப்பூசி இயக்கம் 2021 ஜனவரி 16-ந் தேதி தொடங்கியது. 2022 ஜூலை 17-ந் தேதி 200 கோடியைத் தாண்டியது. அதாவது 200 கோடி ஊசிகள்! 10 பேருக்கு ஒரு குப்பி என்று வைத்தாலும் 20 கோடிக் குப்பிகள்! சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு எவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்று உலகம் அப்போதுதான் கவனித்தது.

இவ்வளவு ஊசிகளையும் குப்பிகளையும் ஒழுங்காக ஒழிக்க வேண்டிய பொறுப்பும் அப்போது வந்தது.

ஆஸ்பத்திரியில் நாலு நிறம்

ஸ்டான்லி ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரியானாலும், தெருமுனைக் கிளினிக்கானாலும் இதற்குச் சட்டம் உண்டு. மருத்துவக் கழிவு விதிகள் 1998-ல் வந்தன. 2016-ல் திருத்தி அமைத்தார்கள். அதன்படி கழிவை நாலு நிறமாகப் பிரிக்க வேண்டும்.

ரத்தம் பட்ட பஞ்சு, கெட்டுப்போன மருந்து போன்றவை மஞ்சள் பைக்கு. ஊசி நீக்கிய சிரிஞ்சு, பிளாஸ்டிக் குழாய் போன்றவை சிவப்புப் பைக்கு. ஊசி, பிளேடு போன்ற கூரான பொருள்கள் வெள்ளை நிறத்தில், எளிதில் குத்தித் துளைக்க முடியாத டப்பாவுக்கு. கண்ணாடிக் குப்பி, ஆம்பூல் ஆகியவை நீலப் பெட்டிக்கு.

இவற்றைத் தனி வண்டியில் கொண்டுபோய், கிருமி நீக்கி, நொறுக்கி ஒழிக்கிறார்கள். கண்ணாடியைக் கிருமி நீக்கியபின் உருக்கி மறுபடியும் கண்ணாடி ஆக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு வெள்ளை டப்பா இருக்கிறது. வீட்டுக்கு?

கொடுங்கையூர் வரை

வீட்டில் போட்ட ஊசி மாநகராட்சிக் குப்பையோடு போகிறது. வடசென்னைக் குப்பை போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். பல பத்தாண்டுகளாக மலை போல் குவிந்த குப்பை அங்கே இருக்கிறது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் திட்டம் ஒரு பக்கம். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோர்த்து நின்ற மனிதச் சங்கிலி மறுபக்கம்.

ஆலை வருவதும் வராததும் வேறு வழக்கு. ஆனால் ஒன்று நிச்சயம். கண்ணாடி மக்காது, எரியாது. மண்ணுக்குள் எத்தனை ஆண்டு கிடந்தாலும் அதன் விளிம்பு அப்படியே இருக்கும். எடுத்துப் பிரிப்பவர் காலையும் கையையும் கிழிக்கும்.

குப்பைக்கும் கொடுங்கையூருக்கும் நடுவே மனிதர்கள் இருக்கிறார்கள். வாசலில் பையை வாங்கும் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். குப்பைமேட்டில் பாட்டிலும் இரும்பும் பொறுக்கிக் காயலான் கடையில் போட்டு வயிறு வளர்ப்பவர்கள். காயலான் கடையில் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு பல நாள் போராட்டம் நடத்தினார்கள். குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, வேலைக்காகவும் சம்பளத்துக்காகவும் நடந்த போராட்டம் அது. அந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று பலர் பலவிதமாகப் பேசினார்கள். ஆனால் சம்பளம் கொடுப்பது மாநகராட்சியானாலும் கம்பெனியானாலும், பைக்குள் கிடக்கும் ஊசி ஆள் பார்த்துக் குத்துவது இல்லை.

குத்தினால் என்ன ஆகும்?

எய்ட்ஸ் என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். உண்மையில் அதைவிட எளிதில் தொற்றுவது மஞ்சள் காமாலை "பி" கிருமி.

நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவர்களுக்கு "பி" கிருமி தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். "சி" கிருமி 100-க்கு 2 அல்லது 3. எய்ட்ஸ் கிருமி 1,000-க்கு 3. இது ஆஸ்பத்திரியில் ரத்தம் காயாத ஊசிக்கான கணக்கு. குப்பையில் கிடக்கும் ஊசியில் ஆபத்து குறையலாம். ஆனால் மறைந்துவிடாது. "பி" கிருமி உடம்புக்கு வெளியே 7 நாட்கள் வரை கூட உயிரோடு இருக்கும்!

குத்திவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். விரலை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. பிதுக்கவும் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பலன் இல்லை. "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் போகலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த நேரம் கழிந்துவிடும்.

"பி" கிருமிக்குத் தடுப்பூசியே இருக்கிறது. முன்கூட்டியே போட்டுக்கொண்டால் கவலை இல்லை.

வீட்டில் ஒரு டப்பா

இவ்வளவு ஆபத்தையும் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். ஒரு காலி டப்பா போதும்!

துணி துவைக்கும் திரவம் வாங்கிய கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில் நல்லது. மெல்லிய தண்ணீர் பாட்டில் உதவாது, ஊசி துளைத்துவிடும். கண்ணாடி பாட்டிலும் வேண்டாம். உடைந்தால் இரட்டை ஆபத்து.

ஊசி போட்டதும், கையோடு அதை டப்பாவில் போட வேண்டும். ஊசியை வளைக்கவோ ஒடிக்கவோ கூடாது. டப்பா முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை இறுக மூடி, ஒட்டு நாடா சுற்ற வேண்டும். மேலே பெரிய எழுத்தில் "ஊசி" என்று எழுத வேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பிறகு மருந்து வாங்கும் ஆஸ்பத்திரியிலோ, ரத்தம் சோதிக்கும் இடத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுக்கலாம். குப்பை வண்டியில்தான் கொடுக்க வேண்டும் என்றால், மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுத்து, "இது ஊசி, அம்மா, பார்த்து வாங்குங்கள்" என்று வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை ஒரு விரலைக் காப்பாற்றும்.

உடைந்த கண்ணாடியையும் அப்படியே பையில் போடக் கூடாது. பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே எழுதிக் கொடுக்க வேண்டும். காலி மருந்துக் குப்பியை எறியும் முன்பு லேபிளைக் கிழித்துவிட வேண்டும். போலி மருந்து நிரப்புபவர்களுக்குக் குப்பியைவிட லேபிள்தான் லாபம்!

கொடுத்த இடமே வாங்கட்டும்

மக்கள் செய்வது பாதி. மீதி அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், வீட்டில் உண்டாகும் ஊசியையும் சிரிஞ்சையும் "வீட்டு அபாயக் கழிவு" என்று வகைப்படுத்தி, தனியாகச் சேகரிக்கச் சொன்னது. சட்டத்தில் எழுதியாகிவிட்டது. சந்துக்குள் வந்து சேர வேண்டாமா?

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மருந்து கொடுக்கும் இடமே ஊசியைத் திரும்ப வாங்கட்டும்! 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே போகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கின்றன. அங்கே வெள்ளை டப்பா ஏற்கெனவே உண்டு. மாதம் ஒரு முறை மருந்து வாங்க வருபவர், போட்ட ஊசிகளை டப்பாவோடு கொண்டுவந்தால் அந்த வெள்ளை டப்பாவிலேயே சேர்ந்துவிடும். புதுக் கட்டிடம் வேண்டாம். புது வண்டி வேண்டாம்.

தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் மஞ்சள் காமாலை "பி" தடுப்பூசி முழுமையாகப் போட வேண்டும். துணிக் கையுறை ஊசியைத் தடுக்காது. துளைபடாத கையுறை கொடுக்க வேண்டும். குத்தினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யாரிடம் போவது என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கவும் கூடாது. சம்பளம் போய்விடும் என்று பயந்தால், குத்தியதையே மறைத்துவிடுவார்கள்.

அந்த ராயபுரத்துச் சந்துக்குத் திரும்புவோம். நாளைக் காலையும் 6 மணிக்கு மகள் குப்பியை எடுப்பாள். பாட்டிக்கு ஊசி போடுவாள். 8 மணிக்கு வண்டி வரும்.

இடையில் 2 மணி நேரம் இருக்கிறது. ஒரு காலி டப்பாவைத் தேடி எடுக்க அது தாராளமாகப் போதும்!